தொட்டவர் பதிவேடு

ஸ்கேனரின் மூடிமேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, உதடு அசையாமல் பத்து வரை எண்ணுகிறார். பிறகு கையைத் திருப்பிப் புறங்கையாலும் ஒருமுறை தொட்டுப் பார்க்கிறார். குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பது இப்படித்தான். "சூடு இல்ல" என்று தனக்குள் சொல்லிக்கொள்கிறார். அப்புறம் நிமிர்ந்து, அறையில் இருக்கிற அத்தனை பேரையும் வரிசையாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, பதினோரு வருடமாகக் கேட்டுவரும் அதே கேள்வியைக் கேட்கிறார்.

"தொட்டது யாரு?"

எங்கள் பதிவு அலுவலகத்தில் அவர் கம்பவுண்டர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடிருக்கிறது. வேலை என்னவோ பழைய பதிவேடுகளைப் பிரித்து அடுக்கும் எழுத்தர் வேலைதான். எந்தக் காலத்திலோ பக்கத்து மேஜை பிரிண்டரில் சிக்கிய தாள் ஒன்றை உருவி எடுத்தார். அன்றிலிருந்து எந்த இயந்திரம் இருமினாலும் இவரைத்தான் கூப்பிடுகிறோம். பட்டம் வாங்காமல் வைத்தியம் பார்ப்பதால் அந்தப் பெயர். அவருக்கு அதில் வருத்தமெல்லாம் கிடையாது. "டாக்டர் எழுதிக் குடுத்துட்டுப் போயிடுவாரு தங்கச்சி. கலக்கிக் குடுக்குறது யாரு?" என்பார். என்னை அவர் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். எட்டு வருடமாக அவருக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். அதைவிடப் பெரிய உறவுமுறை என்ன வேண்டிக்கிடக்கிறது.

அவருடைய சட்டைப் பையில் எப்போதும் மூன்று சாமான்கள். பல் தேய்த்துத் தேய்ந்துபோன பழைய பிரஷ், தூசி தட்ட. கைப்பிடி உடைந்த ஒரு திருப்புளி. அப்புறம் மனைவியின் சிவப்பு நகப்பூச்சு. கடைசிச் சாமானைப் பார்த்துப் புதிதாக வருகிறவர்கள் ஒரு மாதிரி சிரிப்பார்கள். அது அலங்காரத்துக்கு இல்லை. கணினியின் பின்பக்கத்தில் எந்த ஒயர் எந்தத் துளைக்குள் போக வேண்டுமோ, அந்தத் துளைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பொட்டு வைப்பார். ஒயரின் தலையிலும் ஒரு பொட்டு. எங்கள் ஆவண மென்பொருளின் குணம் அப்படி. ஸ்கேனரை முதல்நாள் எந்தத் துளையில் பார்த்ததோ அந்தத் துளையில்தான் என்றைக்கும் தேடும். பக்கத்துத் துளைக்கு மாற்றினால் ஸ்கேனர் விளக்கெரிய உட்கார்ந்திருந்தாலும், "ஸ்கேனர் எதுவும் கண்டறியப்படவில்லை" என்று வாய் கூசாமல் சொல்லும். இதைக் கண்டுபிடிக்க அவருக்கு முழுசாக இரண்டு வாரம் ஆனது. அதற்காக அவரை மெச்ச வேண்டும். மெச்சினால் அன்று முழுக்க அதையே பேசுவார் என்பதால் யாரும் மெச்சுவதில்லை.

வைத்திய முறைகளை ஒரு தாளில் எழுதியும் வைத்திருக்கிறார். "அணை. பத்து எண்ணு. போடு. பச்சை விளக்கு வந்தப்புறம் சாஃப்ட்வேரைத் திற. அவசரப்படாதே." எல்லோர் கண்ணிலும் பட வேண்டும் என்பதற்காக அதை ஒட்டிய இடம், ஸ்கேனர் மூடியின் உட்புறம். விளைவு, மெல்லிய தாள் எதை வைத்தாலும் அதன் பின்னாலிருந்து இவர் கையெழுத்தும் லேசாகப் படத்தில் ஏறிவிடுகிறது. ஒருவர் தன் பிறப்புப் பதிவின் நகலை வாங்கிக்கொண்டு போய், மறுநாள் திரும்பி வந்து, "இதுல பத்து எண்ணுன்னு போட்டிருக்கே, எத எண்ணணும்?" என்று கேட்டார். கம்பவுண்டர் அந்தத் தாளைக் கிழித்தாரா? இல்லை. கொஞ்சம் மங்கலான மையில் எழுதி மறுபடி ஒட்டினார்.

இவ்வளவும் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அந்த நோட்டு.

நீள நோட்டு, கோடு போட்டது. அட்டையில் "தொட்டவர் பதிவேடு" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். உள்ளே தேதி, கருவி, நோய், தொட்டவர், தொட்டவர் கையொப்பம், சாட்சி என்று கட்டங்கள். எந்த இயந்திரம் படுத்தாலும் அதைக் கடைசியாகத் தொட்டவர் யாரென்று விசாரித்து எழுதி, அவரிடமே கையெழுத்து வாங்கிவிடுவார். சாட்சி எப்போதும் இவரேதான். போலீசும் இவர், நீதிபதியும் இவர், பார்த்தவரும் இவர். "மெஷின் பொய் சொல்லாது தங்கச்சி. மனுஷந்தான் சொல்லுவான்" என்பது அவர் கொள்கை. அடித்தல் திருத்தல் இல்லாத நோட்டு என்று அதைப் பற்றி ஒரு தனிப் பெருமை வேறு.

இதுவரை அறுபத்தோரு பதிவுகள். அதில் ஏழு என் பெயரில். இரண்டு அநியாயம், ஐந்தைப் பற்றிப் பேச விரும்பவில்லை. முப்பத்து நான்கு வாளியக்கா பெயரில். கம்பவுண்டர் பெயரில் எத்தனை என்று கேட்கிறீர்களா? நல்லா கேட்டீர்கள் போங்கள்.

வாளியக்கா எங்கள் அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கிறவர். ஆள் வருமுன் அவர் வாளியின் சத்தம் வந்துவிடும், அதனால் அந்தப் பெயர். மேஜைக்கு அடியில் துடைப்பம் போகும், துடைப்பம் போனால் ஒயர் ஆடும், ஒயர் ஆடினால் இயந்திரம் படுக்கும் என்பது கம்பவுண்டரின் மருத்துவ ஞானம். மவுஸ் நகரவில்லையா, தொட்டவர் தூய்மைப் பணியாளர். திரை மங்கலா, தூய்மைப் பணியாளர். ஒருநாள் கணினி எழவேயில்லை; தெரு முழுக்க மின்சாரம் இல்லாத நாள் அது. அன்றைக்கும் அவர் பெயரில் ஒரு வரி இருக்கிறது. அக்காவும் வாதாடுவதில்லை. "வாய் வலிக்கப் பேசுறதுக்குப் போட்டுட்டுப் போயிடலாம்" என்று ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுவார்.

போன வெள்ளிக்கிழமை வரை இது எங்களுக்கு ஒரு வேடிக்கையாகத்தான் இருந்தது. அன்றைக்கு எங்கள் மேலதிகாரி மேடத்துக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. இயந்திரங்கள் ஏன் இத்தனை தடவை பழுதாகின்றன என்று கேட்டிருந்தார்கள். மேடம் நோட்டை வாங்கிப் பார்த்தார். எண்ணினார். வாளியக்காவைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் சொன்னார்: "இன்னொரு தடவை உங்க பேரு இந்த நோட்டுல வந்துச்சுன்னா மறுநாள்லேருந்து வர வேண்டாம். வேற ஆளைப் பாத்துக்கறேன்."

அக்கா வாளியை எடுத்துக்கொண்டு போனார். அவர் வீடு இரண்டு தெரு தள்ளி. படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவுக்கு மதியம் ஓடிப்போய்ச் சோறு ஊட்டிவிட்டு, அரை மணி நேரத்தில் திரும்பி வந்துவிடுவார். அந்த அரை மணி நேரத்தை விட்டுக்கொடுக்கிற வேலை இந்த வட்டாரத்தில் இன்னொன்று கிடைக்காது. அது மேடத்துக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கம்பவுண்டருக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை காலை அவர் நல்ல உற்சாகத்தில் இருந்தார். மகள் பிறந்தநாளுக்கு வாங்கிக்கொடுத்த உள்ளங்கையளவு மின்விசிறி மேஜைமேல் உட்கார்ந்து அவர் மூக்குக்கு நேராகச் சுழன்றுகொண்டிருந்தது. "நேத்து சாயங்காலம் எல்லாரும் கெளம்பினப்புறம் மாட்டினேன். தனியா கரண்ட்டே வேண்டாம், கம்ப்யூட்டர்லேருந்தே எடுத்துக்குது" என்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் காட்டினார். நானும் இரண்டு தடவை ஆச்சரியப்பட்டேன். ஒரு தடவை போதவில்லை அவருக்கு.

பத்தரை மணிக்கு மென்பொருள் சொல்லிவிட்டது: ஸ்கேனர் எதுவும் கண்டறியப்படவில்லை. ஜன்னலுக்கு வெளியே நகல் வாங்கப் பதினோரு பேர் நின்றிருந்தார்கள்.

கம்பவுண்டர் காய்ச்சல் பார்த்தார். அணைத்தார், எண்ணினார், போட்டார். பச்சை விளக்கு எரிந்தது. மென்பொருள் இல்லை என்றது. தேநீர் ஒன்று குடித்துவிட்டு வந்து மறுபடி அணைத்தார். வெறும் வயிற்றில் எண்ணியது போதாது என்று நினைத்தாரோ என்னவோ. அப்புறம் கெஞ்சிப் பார்த்தார். "கண்ணு, எதிர்லதானப்பா உக்காந்திருக்கு? கொஞ்சம் கண்ணத் தொறந்து பாரேன்." மென்பொருள் கண்ணைத் திறக்கவில்லை. "பேய் புடிச்ச சாஃப்ட்வேர்" என்று அடுத்த நிமிடமே கட்சி மாறினார்.

மென்பொருள் விற்ற நிறுவனத்துக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் தேன் ஒழுக விவரம் கேட்டது. பிறகு, "புகார்ப் படிவத்துல அதிகாரி கையெழுத்து வாங்கி, முத்திரை வெச்சு, ஸ்கேன் பண்ணி அனுப்பிடுங்க சார். உடனே பாத்துடலாம்" என்றது.

"ஸ்கேனர்தாம்மா வேலை செய்யல."

"புரியுது சார். அதுக்குத்தான் படிவம்."

"அதை எப்படிம்மா ஸ்கேன் பண்றது?"

"மூடியைத் திறந்து, தாளைக் கவுத்து வைக்கணும் சார்."

அவர் போனைக் காதிலிருந்து எடுத்து, அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். அந்த மனிதரைப் பார்த்து எனக்கு இரக்கம் வந்த நாட்கள் குறைவு. அது அவற்றில் ஒன்றாக இருந்திருக்கும், அடுத்த காரியத்தை அவர் செய்யாமல் இருந்திருந்தால். இழுப்பறையைத் திறந்து நோட்டை எடுத்தார். தேதி போட்டார். கருவி: ஸ்கேனர். நோய்: கண்டுபிடிக்கவில்லை. தொட்டவர்: தூய்மைப் பணியாளர். கை அதுபாட்டுக்கு எழுதிக்கொண்டு போனது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சார், என்ன கோளாறுன்னே இன்னும் தெரியல. அதுக்குள்ள எழுதிட்டீங்களா?"

"வேற யாரு தங்கச்சி பின்னாடி போறா? எழுதி வெச்சா ஒரு வேலை முடிஞ்சுது."

"வெள்ளிக்கிழமை மேடம் என்ன சொன்னாங்கன்னு ஞாபகம் இருக்கா?"

பேனா ஒரு நொடி நின்றது. "நான் என்ன பண்றது? மெஷின் பொய் சொல்லாது" என்றார். ஆனால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. மின்விசிறியைக் கொஞ்சம் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். வியர்த்திருந்தது.

வெளியே வரிசை சத்தம் போட ஆரம்பித்ததும் மேடம் தன் அறையை விட்டு வந்தார். வாளியக்காவைக் கூப்பிட்டார்கள். அக்கா வந்து நின்ற நிலையே சரியில்லை. வாளியைக் கீழே வைக்கக்கூட மறந்து கையிலேயே பிடித்திருந்தார்.

"தொட்டீங்களா?" என்றார் மேடம்.

"சத்தியமா இல்லம்மா. அந்த மூலைக்கு நான் போயே ரெண்டு மாசம் ஆச்சு. ஒயரு ஆடிடும்னு பயந்துக்கிட்டு துடைப்பத்தையே நீட்டுறதில்ல. வேணா குனிஞ்சு பாருங்க, தூசி அப்படியே கெடக்கும்."

"அப்ப ரெண்டு மாசமா கூட்டவே இல்லைங்கறீங்க?"

அக்கா வாளியை இன்னொரு கைக்கு மாற்றினார். கூட்டினேன் என்றால் ஒயரை ஆட்டினவர். கூட்டவில்லை என்றால் வேலை செய்யாதவர். எந்தப் பக்கம் போனாலும் வீட்டுக்கு அனுப்புகிற வாசல்தான். நான் சொன்னேன், "தூசி கலையாம இருந்தா அவங்க தொடலன்னுதானே மேடம் அர்த்தம்? சாரைப் பாக்கச் சொல்லுங்க." எனக்கு இதில் என்ன வந்தது என்பதுபோல மேடம் என்னைப் பார்த்தார். ஆனாலும் கம்பவுண்டரிடம், "குனிஞ்சு பாத்துச் சொல்லுங்க" என்றார். அதற்குள் அவர் அறையில் தொலைபேசி அடித்தது, போய்விட்டார்.

கம்பவுண்டர் குனிந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. இடுப்பு ஒத்துழைப்பதில்லை. பின்பக்கத்து வேலை எதுவானாலும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கையை மட்டும் விட்டுத் தடவித் தடவிச் செய்வதுதான் வழக்கம். அன்றைக்கு வேறு வழியில்லை. ஒரு கையால் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அம்மா அப்பா எல்லோரையும் கூப்பிட்டுக்கொண்டே மண்டியிட்டார். போன் வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு உள்ளே போனார். வெளியே அவர் செருப்பின் அடிப்பாகம் மட்டும் தெரிந்தது.

"தூசி இருக்கு" என்று குரல் வந்தது. பிறகு, "நெறையவே இருக்கு." பிறகு, "கலையல... ஒரு எடத்துல மட்டும் கை போயிட்டு வந்த மாதிரி..."

குரல் நின்றுவிட்டது.

நானும் வாளியக்காவும் அந்தச் செருப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தோம். மேஜைமேல் மின்விசிறி மெதுவாகி, தயங்கி, நின்றது. இறக்கைகள் மூன்று என்று அப்போதுதான் எண்ண முடிந்தது. அதன் ஒயர், விட்டுவிட்ட கயிறு மாதிரி மேஜைக்குப் பின்னால் தொய்ந்தது. ஒரு நொடி கழித்து உள்ளே ஏதோ ஒன்று துளைக்குள் ஏறுகிற சின்னச் சத்தம். அவர் கணினித் திரையில் அந்தப் பாழாய்ப்போன மென்பொருள் எழுதியது: ஸ்கேனர் தயார்.

இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். நேற்று மாலை நாற்காலியில் சாய்ந்தபடியே கையை விட்டுத் தடவியிருக்கிறார். கையில் அகப்பட்ட ஒயரைப் பிடுங்கி அந்த இடத்தில் மின்விசிறியைச் செருகியிருக்கிறார். பிடுங்கியதைப் பக்கத்துத் துளையில் குத்தி வைத்திருக்கிறார். ஊரிலுள்ள துளைகளுக்கெல்லாம் பொட்டு வைத்த மனிதர், அந்தப் பொட்டைக் குனிந்து பார்க்கவில்லை. அந்தக் காற்றையே வாங்கிக்கொண்டு காலையிலிருந்து எங்களை விசாரித்துக்கொண்டிருந்தார்.

மேஜைக்கு அடியிலிருந்து ஒரு மனிதர் வெளியே வர அவ்வளவு நேரம் ஆகாது. இடுப்பு வலி என்று கணக்கு வைத்தாலும் ஆகாது. வந்தபோது தலையில் ஒட்டடை, முழங்காலில் இரண்டு மாதத் தூசி. நின்றுபோன மின்விசிறியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எட்டு வருடம், ஏழு கையெழுத்து. எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "தொட்டது யாரு சார்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் என் ஜென்மம் கடைத்தேறியிருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். மேடம் இங்கே இல்லை, மின்விசிறி நின்றதை அவர் பார்க்கவில்லை. இந்த மனிதர் என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டியிருந்தது.

உள்ளறையிலிருந்து மேடத்தின் குரல் வந்தது. "சரியாயிடுச்சா? யாருன்னு தெரிஞ்சுதா? நோட்டை எடுத்துட்டு வாங்க."

நோட்டு திறந்தபடியேதான் கிடந்தது. எழுதிய மைகூடக் காய்ந்துவிட்டது. வாளியக்கா ஒருநாளும் இல்லாத திருநாளாகத் தானே மேஜைக்குப் பக்கத்தில் வந்தார். வாளியைக் கீழே வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார். "எங்க சார் போடணும்? எப்பவும் போடற எடந்தானே?" என்றார். குரலில் கோபம் இருந்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். மதியத்துக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதுபோல ஒருமுறை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், அவ்வளவுதான்.

கம்பவுண்டர் அவர் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டார். நாற்காலியில் உட்காரவில்லை. அளவுகோலைத் தேடினார், கிடைக்கவில்லை. வெறும் கையாலேயே "தூய்மைப் பணியாளர்" என்பதன் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். கோடு நேராக வரவில்லை. அடித்தல் திருத்தல் இல்லாத நோட்டு அத்துடன் கெட்டது. அதன் மேலே சின்ன எழுத்தில் "பதிவறை எழுத்தர்" என்று தன் பதவியை எழுதி, பக்கத்துக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அடித்ததற்கு ஒரு சுருக்கொப்பமும் வைத்தார். முறை என்றால் முறைதான் அவருக்கு.

பிறகு நோட்டை வாளியக்கா பக்கம் திருப்பி, கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தார்.

"இங்க போடு."

"சார், அது சாட்சி எடம். நீங்க போடறது."

"தெரியும். போடு. தெளிவா போடு."

அக்கா போட்டார். வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டு, கடைசி எழுத்தின் சுழியை முழுசாகச் சுழித்து, போட்ட கையெழுத்தைத் தலையைச் சாய்த்து ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பேனாவை மூடினார்.

உள்ளேயிருந்து மேடம் இரண்டாவது தடவை கூப்பிட்டார். கம்பவுண்டர் நோட்டைக் கையில் எடுத்தார். மை ஈரமாகத்தான் இருந்தது. திறந்த நோட்டாலேயே தன் முகத்துக்கு நேராக நாலு விசிறு விசிறிக்கொண்டு, ஒட்டடைத் தலையோடு மேடத்தின் அறையை நோக்கி நடந்தார்.